அருகருகே நிற்கும் ஆங்கிலச் சொற்கள்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு வாசிப்பு

(மன்னாரில் நிகழ்த்தப்பட்ட ஆசிரியர் நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மாவட்டத்தில் ஆங்கிலம் கற்பித்து மறைந்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடைபெறும் சொற்பொழிவு இது. ஆகவே அவருடைய பாடத்திலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். பொருள் ஒத்த ஆங்கிலச் சொற்களை வேறுபடுத்தி அறிவது எப்படி என்பதே அது. நம் பாடசாலைகளில் இதைப் பரீட்சைக்கான சிறு பகுதியாகவே படிப்பிக்கிறோம். இடப்பக்கம் பத்துச் சொற்கள், வலப்பக்கம் பத்துச் சொற்கள். ஒத்த சொற்களைக் கோடிட்டு இணைத்தால் புள்ளி கிடைக்கும். இணைக்கும் பயிற்சி வேண்டியதுதான். ஆனால் அதைவிடப் பிரிக்கும் பயிற்சி முக்கியம் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. மன்னார் மக்களுக்கு அது இரட்டிப்பு முக்கியம். கடந்த அரை நூற்றாண்டில் இந்தக் கடலும் காணியும் இங்குள்ள மனிதரும் ஆங்கில ஆவணங்களில் எந்தச் சொல்லால் எழுதப்பட்டனர் என்பதைப் பொறுத்தே பல உரிமைகள் நிலைத்தன. பல கைவிட்டுப் போயின.

நமக்குப் புதிதல்லாத பயிற்சி

பிரித்தறியும் இந்தப் பழக்கம் வெளியிலிருந்து வந்ததல்ல. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்கிறார். மூன்றும் ஒன்றைக் கேட்டுப் பெறும் சொற்கள்தாம். ஆனால் தாழ்ந்த நிலையில் இருப்பவர் ‘ஈ’ என்று கேட்பார், ஒத்த நிலையினர் ‘தா’ என்பார், உயர்ந்த நிலையினர் ‘கொடு’ என்பார் என்று அவர் வகுக்கிறார். பொருள் ஒன்றாக இருக்க, பேசுவோர் யார் என்பது சொல்லை மாற்றிவிடுகிறது. நிகண்டுகள் இதற்கு மறுபக்கத்தைச் செய்தன. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் திரட்டித் தந்தன. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சூடாமணி நிகண்டை மனனம் செய்தார்கள். திரட்டுவதையும் பிரிப்பதையும் இரு கைகளாகக் கொண்டது நம் கல்வி.

ஆங்கிலத்திலும் இவ்விரு வழிகள் உண்டு. 1816இல் ஜோர்ஜ் கிராப் வெளியிட்ட நூல், நெருங்கிய சொற்களை எடுத்து ஒன்றுக்கொன்று என்ன வேறுபாடு என்று விளக்கியது. 1852இல் மருத்துவர் பீட்டர் மார்க் ரொஜே வெளியிட்ட சொற்களஞ்சியம், நெருங்கிய சொற்களை விளக்கமின்றி ஓரிடத்தில் குவித்தது. இன்று மாணவர் கையில் இருப்பது பெரும்பாலும் ரொஜேயின் வழி. கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டினால் இருபது சொற்கள் வரும். அவற்றுள் எது எங்கே பொருந்தும் என்று சொல்லித்தர ஆளில்லை.

ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்கு இத்தனை சொற்கள் இருப்பதற்கு வரலாறு காரணம். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதன்பின் அரசும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. திருச்சபையும் கல்வியும் இலத்தீன் எழுதின. ஊர்ச்சனம் பழைய ஆங்கிலமே பேசியது. மூன்றும் ஒரே மொழிக்குள் படிந்தன. ‘ஆஸ்க்’ என்பது வீட்டுச் சொல். யாரும் யாரையும் கேட்கலாம். ‘குவெஸ்ஷன்’ என்பது பிரெஞ்சு வழி வந்தது. அதில் ஐயம் கலந்திருக்கிறது. ‘இன்டரோகேட்’ என்பது இலத்தீன் வழி வந்தது. கேட்பவர் அதிகாரி, கேட்கப்படுபவர் எழுந்து போக முடியாதவர். மூன்றையும் ‘கேள்வி கேட்டல்’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால், நடந்தது உரையாடலா விசாரணையா என்பது மறைந்துபோகும். அரச கடிதங்களும் உடன்படிக்கைகளும் மேலடுக்குச் சொற்களிலேயே எழுதப்படுகின்றன. நம் பிள்ளைகளுக்கோ கீழடுக்குச் சொற்களே பழக்கம். இடைவெளி அங்கேதான் விழுகிறது.

கடலைப் பிரித்த சொற்கள்

கண்முன் இருப்பதிலிருந்து தொடங்குவோம். பெருநிலத்திலிருந்து தள்ளாடியைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் வருகிறவர்கள் பாலத்தையும் தாம்போதியையும் காண்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘பிரிட்ஜ்’, ‘கோஸ்வே’. இரண்டும் நீரைக் கடக்க உதவுபவை. பாலத்தின் கீழே நீர் ஓடும். தாம்போதியோ ஆழங்குறைந்த நீரில் மண்ணும் கல்லும் இட்டு உயர்த்திய வழி. மன்னார்ப் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர அகராதி வேண்டாம். தாய்மொழியில் உள்ள நுட்பத்தை ஆங்கிலத்துக்கு எடுத்துச் செல்லப் பழக்கினால் போதும்.

அடுத்தது கடல். தீவின் வடக்கே பாக்கு விரிகுடா, அதற்கும் அப்பால் பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஆங்கிலத்தில் முறையே ‘பே’, ‘ஸ்ட்ரெய்ட்’, ‘கல்ஃப்’. ‘பே’, ‘கல்ஃப்’ இரண்டும் நிலத்துக்குள் வளைந்து நுழைந்த கடல்; பொதுவாக ‘கல்ஃப்’ பெரியது. ‘ஸ்ட்ரெய்ட்’ இரண்டு கடல்களை இணைக்கும் ஒடுங்கிய வழி. வழி என்று சொன்னால் கப்பல்கள் கடந்துபோகும் உரிமை பற்றிய பேச்சு தானே எழும். 

இந்த இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 1974 யூனில் இலங்கையும் இந்தியாவும் பாக்கு நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரையிலான எல்லையை வரைந்தன. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவின் எல்லை வரையப்பட்டது. அதே 1976ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கடல்வலயச் சட்டத்தின்கீழ், 1977 சனவரியில் இலங்கை ஒரு பிரகடனம் செய்தது. மன்னார்த் தீவின் இருபுறமும் உள்ள வரலாற்று நீர்ப்பரப்பு அதில் இரண்டு வேறு பெயர்களைப் பெற்றது. பாக்கு விரிகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் உள்ளது ‘இன்டர்னல் வாட்டர்ஸ்’, அதாவது உள்நாட்டு நீர். மன்னார் வளைகுடாவில் உள்ளது ‘டெரிட்டோரியல் சீ’, அதாவது ஆட்புலக் கடல்.

சாதாரண வாசகருக்கு இரண்டும் ‘நம்முடைய கடல்’ என்றே படும். சட்டத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆட்புலக் கடலில் பிறநாட்டுக் கப்பல் ஒன்று அமைதிக்கும் பாதுகாப்புக்கும் ஊறு செய்யாமல் கடந்து செல்ல உரிமை பெற்றிருக்கிறது. உள்நாட்டு நீரில் அந்த உரிமை பொதுவாக இல்லை. ஊருக்குள் ஓடும் ஆற்றைப் போலவே அது கருதப்படுகிறது. பேசாலைக் கரையிலிருந்து வடக்கே பார்ப்பவரும் வங்காலைக் கரையிலிருந்து மேற்கே பார்ப்பவரும் ஒரே உப்புநீரைத்தான் பார்க்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவை இரண்டு வேறு கடல்கள். இந்த மாவட்டத்தில் உயர்தரம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இந்த இரு சொற்களின் வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

1974 உடன்படிக்கையின் ஐந்தாம், ஆறாம் உறுப்புரைகளிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் அதுவரை போலவே கச்சதீவுக்கு வந்துபோகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை என்கிறது ஐந்தாவது. அங்கே ஆளப்பட்ட சொல் ‘ஆக்ஸஸ்’. இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டின் நீரில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது ஆறாவது. அங்கே ‘ரைட்ஸ்’. ஓரிடத்தை அடையும் வாய்ப்பு ‘ஆக்ஸஸ்’. அங்கே ஒன்றைச் செய்யும் உரித்து ‘ரைட்’. வந்துபோவது என்பதற்குள் மீன்பிடிப்பதும் அடங்குமா? வலை உலர்த்தவும் இளைப்பாறவும் அந்தோனியார் திருவிழாவுக்கு வரவும் மட்டுமே அது என்பது கொழும்பின் வாசிப்பு. மீன்பிடி உரிமையும் சேர்ந்ததே என்பது தமிழ்நாட்டின் வாதம். 1976இல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், அனுமதியின்றி ஒரு நாட்டுப் படகுகள் மற்ற நாட்டு நீரில் மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதின. வாதம் இன்னும் ஓயவில்லை. அந்தச் சொற்களுக்கு எத்தனை பொருள் கொள்ளலாம் என்பதை எழுதும்போதே தீர்த்திருந்தால், இருகரைத் தமிழ்க் கடற்றொழிலாளரின் துன்பத்தில் ஒரு பகுதியாவது குறைந்திருக்கும்.

இன்றைய செய்திகளில் வரும் இரு சொற்களையும் கவனியுங்கள். எல்லை தாண்டிய இழுவைப்படகைப் பற்றி எழுதும்போது இந்தியச் செய்தித்தாள்களில் ‘ஸ்ட்ரே’ என்ற சொல்லையும், இலங்கைச் செய்தித்தாள்களில் ‘போச்’ என்ற சொல்லையும் அடிக்கடி காணலாம். முன்னது வழிதவறியதைச் சொல்கிறது. அதில் நோக்கம் இல்லை. பின்னது களவாகப் பிடித்ததைச் சொல்கிறது. அதில் நோக்கம் மட்டுமே இருக்கிறது. ஒரே இரவில் ஒரே கடலில் நடந்த ஒரே செயல், எந்தச் சொல்லால் எழுதப்படுகிறதோ அந்தத் தீர்ப்போடு வாசகரிடம் வந்து சேர்கிறது. படகைப் பற்றிய சொற்களும் அப்படியே. ‘சீஸ்’ என்றால் கைப்பற்றி வைத்தல். உரிமை இன்னும் உடையவரிடமே இருக்கலாம். ‘கன்ஃபிஸ்கேட்’ என்றால் பறிமுதல். உடைமை அரசிடம் போய்விடுகிறது. முன்னதில் மீட்க வழக்காடலாம். பின்னதில் மேன்முறையீடு தவிர வழி குறைவு.

இடம்பெயர்ந்தோரும் வெளியேற்றப்பட்டோரும்

கடலைவிட்டு மனிதரிடம் வருவோம். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது மன்னார்க் குடும்பங்கள் பல திசைகளில் சிதறின. மடுவுக்கும் பேசாலைக்கும் போனவர்கள், ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் அமைத்த திறந்த நிவாரண நிலையங்களில் தங்கினார்கள். அவர்கள் ‘டிஸ்பிளேஸ்ட்’. தலைமன்னாரில் படகேறி இராமேசுவரம் சேர்ந்து மண்டபம் முகாமுக்குப் போனவர்கள் ‘ரெஃபியூஜி’. இடையே இருந்தது ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல். நாட்டெல்லையைத் தாண்டியவரே ‘ரெஃபியூஜி’ என்பது 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் வகுத்த வரையறை. எல்லைக்குள்ளேயே ஓடியவருக்கு அந்தச் சமவாயத்தில் இடமில்லை. அவர்களுக்கென வழிகாட்டிக் கோட்பாடுகள் 1998இல்தான் ஐ.நா.வில் முன்வைக்கப்பட்டன. அவையும் சமவாயம் போல நாடுகளைக் கட்டுப்படுத்துவன அல்ல.

இன்னொரு படியும் உண்டு. இந்தியா 1951ஆம் ஆண்டின் சமவாயத்தில் சேரவில்லை. ஆகவே ஊரார் வாயிலும் செய்தித்தாளிலும் ‘அகதி’யாக இருந்தவர், அந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் ‘ஃபொரினர்’, அதாவது வெளிநாட்டவர். ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவர் மடுவில் ‘டிஸ்பிளேஸ்ட்’, இளையவர் மண்டபத்தில் ‘ஃபொரினர்’. அவர்களுக்குக் கிடைத்த நிவாரணமும் நடமாடும் சுதந்திரமும் பிள்ளைகளின் எதிர்காலமும் இந்தச் சொற்களின் வழியே பிரிந்தன. 2021இல் தமிழ்நாடு அரசு அகதி முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. பெயரில் கண்ணியம் கூடியது. சட்டநிலை அதனால் மாறவில்லை.

அதே 1990ஆம் ஆண்டின் ஒக்டோபர் இறுதியில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலான மன்னார் ஊர்களின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் கட்டளையால் தங்கள் மண்ணைவிட்டு அனுப்பப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அப்படிப் போனவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இதை எந்தச் சொல்லால் எழுதுவது? ‘டிஸ்பிளேஸ்மென்ட்’ என்றால் இடம்பெயர்வு. யாரால் என்ற கேள்விக்கு அதில் பதிலில்லை. ஆங்கில எழுத்தில் பரவலாக உள்ளது ‘எவிக்‌ஷன்’. அது வீட்டுக்காரர் வாடகைக் குடியை எழுப்பும் வழக்கிலும் வரும் சொல். ஆகவே தலைமுறை தலைமுறையாகக் காணி உடையவர்களுக்கு அது குறைவாகவே பொருந்துகிறது. ‘எக்ஸ்பல்‌ஷன்’ என்பதில் துரத்தியவரும் துரத்தப்பட்டவரும் தெளிவாக நிற்கிறார்கள். அந்த மக்கள் தமிழில் ‘பலவந்த வெளியேற்றம்’ என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்லே சரியானது. தமிழ் எழுத்தில் நாம் அதை ‘இடம்பெயர்வு’ என்று மென்மையாக்கி எழுதிய ஒவ்வொரு முறையும் உண்மையிலிருந்து ஓரடி விலகினோம்.

போர் முடிந்தபின் இந்த மக்கள் ‘பழைய இடம்பெயர்ந்தோர்’ என்றும், இறுதிப்போரில் ஓடியவர்கள் ‘புதிய இடம்பெயர்ந்தோர்’ என்றும் வகுக்கப்பட்டார்கள். உதவியில் முன்னுரிமை புதியவர்களுக்குப் போனது. இருபது ஆண்டு புத்தளத்தில் காத்திருந்தவர்களுக்கு ‘பழைய’ என்ற ஒரு அடைமொழி செய்த காரியம் அது.

திரும்பிப் போவதற்கும் நான்கு சொற்கள் இருக்கின்றன. ‘ரிட்டர்ன்’ என்றால் சொந்த இடத்துக்கே திரும்புதல். ‘ரீபேட்ரியேட்’ என்றால் சொந்த நாட்டுக்குத் திரும்புதல். ஊருக்கு என்ற உறுதி அதில் இல்லை. ‘ரீலொகேட்’ என்றால் வேறிடத்தில் கொண்டுபோய் வைத்தல். ‘ரீசெட்டில்’ என்பதைச் சர்வதேச வழக்கில் வேறு நாட்டிலோ வேறு பகுதியிலோ குடியமர்த்துவதற்கு ஆள்கிறார்கள். இலங்கை அரச வழக்கிலோ ‘மீள்குடியேற்றம்’ எல்லாவற்றையும் உள்ளடக்கிக்கொள்கிறது. முசலிப் பிரதேசத்தின் முள்ளிக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் மக்கள் வெளியேறினார்கள். ஊர் கடற்படைத் தளமாயிற்று. மக்களில் ஒரு பகுதியினர் அருகே மலங்காட்டில் குடியிருந்தார்கள். 2017இல் அவர்கள் தொடர்ந்து போராடிய பின்னரே ஒரு பகுதிக் காணியை விடுவிக்க உடன்பாடு வந்தது. மலங்காட்டில் இருந்தவர்களை ஓர் அறிக்கை ‘ரீசெட்டில்ட்’ என்று எழுதினால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகிவிடும். ‘ரீலொகேட்டட்’ என்று எழுதினால்தான் கேள்வி உயிரோடிருக்கும். 

ஆயர் தேர்ந்த சொல்

இந்த மாவட்டத்தில் சொற்களை அளந்து ஆண்டவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. 2011 சனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் அவர் சாட்சியம் அளித்தார். 2008 ஒக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் அரச கணக்கின்படி 429,059 பேர். 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தவர்கள் 282,380 பேர். வேறுபாடு 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார்.

அந்த எண்ணுக்கு அவர் சூட்டிய சொல் ‘அன்அக்கவுன்ட்டட் ஃபோர்’, கணக்கில் வராதோர். ‘கில்ட்’ என்று சொல்லியிருந்தால் சடலங்களைக் காட்டச் சொல்லியிருப்பார்கள். ‘மிஸ்ஸிங்’ என்றிருந்தால் தேடும் பொறுப்பு உறவினர் தலையில் விழுந்திருக்கும். அவர் ஆண்ட சொல், கணக்கு வைத்திருந்தவரையே கணக்குக் கேட்டது. தனக்குத் தெரிந்ததற்கு ஓர் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால்தான் அந்த எண்ணை எவராலும் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஆண்டகை 2021 ஏப்ரலில் காலமானார். கேள்வி இன்னும் நிற்கிறது.

‘மிஸ்ஸிங்’, ‘டிஸப்பியர்ட்’ என்ற இரு சொற்களின் வேறுபாட்டை நம் தாய்மார் அகராதி பார்க்காமலே வகுத்தார்கள். ‘காணாமற்போனோர்’ என்று அரச பலகையில் எழுதப்பட்டபோது, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று தங்கள் பதாகையில் எழுதினார்கள். தன்வினைக்கும் செயப்பாட்டு வினைக்கும் உள்ள வேறுபாடு அது. ஆக்கப்பட்டது என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகத்தின் பெயரில் உள்ளது ‘மிஸ்ஸிங்’. அதன் வரைவிலக்கணத்துக்குள் வலிந்து காணாமல் ஆக்கப்படுதலும் அடங்குகிறது. ஆனால் பெயரில் அது தெரியவில்லை. அதே ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் மரணச் சான்றிதழுக்கு மாற்றாக, ‘அப்சென்ஸ்’ என்ற சொல்லால், காணக்கிடைக்காமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. பிள்ளை இறந்துவிட்டான் என்று கையெழுத்திட மறுத்த தாய்க்கு, அந்தக் கையெழுத்து இல்லாமலே காணி, வங்கி விடயங்களைக் கவனிக்க வழி பிறந்தது. ‘டெத்’ என்ற இடத்தில் ‘அப்சென்ஸ்’ என்று எழுதியதால் கிடைத்த பயன் அது.

மூன்று கேள்விகள்

ஆசிரியர்களே, இத்தனையும் வகுப்பறைக்கு எப்படி வரும்? நெருங்கிய இரு ஆங்கிலச் சொற்களைக் கண்டால் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். முதலாவது, செய்தவர் இந்தச் சொல்லில் தெரிகிறாரா மறைகிறாரா? ‘டிஸ்பிளேஸ்ட்’ மறைக்கிறது, ‘எக்ஸ்பெல்ட்’ காட்டுகிறது. இரண்டாவது, இந்தச் சொல் எந்த எல்லைக்குள் செல்லும்? ‘ரெஃபியூஜி’க்கு நாட்டெல்லை, ‘டெரிட்டோரியல் சீ’க்குக் கடலெல்லை. மூன்றாவது, இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டால் அடுத்து என்ன கிடைக்கும், என்ன போகும்? 

சொல்லை மட்டும் தனியே வைத்துப் படிப்பிக்காமல், வாக்கியத்தில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘டெமேஜ்ட்’ என்ற இடத்தில் ‘டிஸ்ட்ரொய்ட்’ வைத்தால் வீட்டுத்திட்டப் படிவத்தில் உதவித்தொகையே மாறிவிடும் என்று காட்டுங்கள். ஒரு மொழிபெயர்ப்பு அகராதியோடு நிறுத்தாமல், ஆங்கிலத்துக்கு ஆங்கிலமே பொருள் சொல்லும் அகராதியையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

இன்று இந்தத் தீவில் காற்றாலைகள் எழுகின்றன. கனிமமணல் தேடித் துளையிட்டிருக்கிறார்கள். அதற்கான பத்திரங்களிலும் இதே பிரச்சினைதான். ‘எக்ஸ்புளொரேஷன்’ அனுமதி தேடிப்பார்க்க. ‘மைனிங்’ அனுமதி தோண்டி எடுக்க. ‘இன்ஃபோர்ம்’ என்றால் உங்களுக்கு அறிவித்தார்கள். ‘கன்ஸல்ட்’ என்றால் உங்கள் கருத்தைக் கேட்டார்கள். ‘கன்சென்ட்’ என்றால் நீங்கள் சம்மதித்தீர்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் வரவுப் பதிவில் இட்ட கையெழுத்து முதலாவதற்கு மட்டுமே சான்று. மூன்றாவதற்கு ஒருபோதும் ஆகாது.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுக்கு ஆங்கிலக் கடிதமோ படிவமோ வரும்போது அதை வாசிப்பவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பொதுவான பொருளைச் சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். எழுதியவர் இதே பொருள்பட வேறு எந்தச் சொல்லை எழுதியிருக்கலாம், ஏன் இதை எழுதினார் என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் ஆசிரியரிடம் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை உங்கள் அம்மாவையோ அப்பாவையோ அதில் கையெழுத்திட விடாதீர்கள்.